கிணத்துப் பனையில் எத்தனை கூடு

— மாதா மேல ஆணையா சொல்றேன் டீச்சர், இதுல ஒரு சொல் பொய்யில்ல. எண்பத்தாறு ஆடியில இந்தக் கிணத்துப் பனையில நாப்பத்திமூணு தூக்கணாங்கூடு.

— நாப்பத்திமூணு. எழுதிக்கிட்டேன் ரெமிஜியஸ் ஐயா. காலேஜ் கணக்கெடுப்புக்குன்னு தெருத்தெருவா கேட்டுட்டேன். ‘அப்ப நான் சிங்கப்பூர்ல இருந்தேன்’, ‘மஸ்கட்ல இருந்தேன்’னுதான் எல்லாரும் சொல்றாங்க. இங்கயே இருந்து கண்ணால பாத்தவர் ஒருத்தராவது வேணும். இல்லாட்டி குருவி வரைபடத்துல இந்த ஊரே வராது.

— வரணும். தொண்ணூத்தாறுல பதினேழு போட்டுக்குங்க.

— ஏன் அவ்வளவு கொறைஞ்சுது?

— மேலண்டை வயல் பிளாட்டாயிடுச்சு. கூட்டுக்குக் கிழிக்க நெல்லுத்தாள் இல்ல. கீழத்தெருப் பனைய வெட்டப்போறது மொத நாளே இங்க இருந்ததுங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. கூட்டைக் கழட்டிக் கவ்விக்கிட்டு, கோடியக்கரை பஸ் கூரையில ஏறிடுச்சுங்க.

— ஐயா.

— டிக்கெட் எடுக்கல. அது தப்புதான்.

— அதை எழுத முடியாதுங்க. ரெண்டாயிரத்தாறு?

— ஒண்ணே ஒண்ணு. ஆண் குருவி பாதி கட்டும், பொட்டை வந்து பாத்துப் பிடிச்சாத்தான் மீதி. உங்களுக்குத் தெரியாததா. இவன் பாதி கட்டினான், யாரும் வரல. மேல ஒரு மாடி எடுத்தான். அப்பயும் வரல. வருஷா வருஷம் ஆடி பொறந்தா கட்டிட்டு, வாசல்ல தொத்திக்கிட்டு தெக்கயே பாப்பான்.

— வருஷா வருஷம் அதே குருவின்னு எப்படிச் சொல்றீங்க?

— அப்படிக் காத்துக் கெடக்குறது எல்லாருக்கும் வராது டீச்சர்.

— சரி. இந்த வருஷம்?

— இந்த வருஷம் யாரும் எண்ணல.

— உங்க வீட்டம்மாவும் பாத்திருப்பாங்கல்ல? இன்னொரு சாட்சி இருந்தா நல்லது.

— ரோஸ்லினா? பங்குனியில போய்ச் சேந்துட்டா.

— அடடா. தெரியாமக் கேட்டுட்டேங்க.

— பரவால்ல. கேக்குறதுக்கு ஒரு ஆள் வந்தீங்களே.

— இன்னும் ஒரே கேள்விதான், அப்புறம் கையெழுத்து. இந்த ஊர்ல தொடர்ந்து எத்தனை வருஷமா குடியிருக்கீங்க?

— அது அவசியம் எழுதணுமா?

— அதுதாங்க முக்கியம்.

— அப்ப பன்னண்டு நாள்னு போட்டுக்குங்க. அதுக்கு முன்னாடி நாப்பது வருஷம் குவைத்து. கூடெல்லாம் ரோஸ்லின் எண்ணி எண்ணி லெட்டர்ல எழுதினது.