தகரத்தில் மழை

ஜாலான் புசார் சாலையில் பஸ் நகரவே இல்லை. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், மடியில் மார்க்கெட் கூடைகள். இளையவள் ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை வந்தாத்தான்க்கா வீட்டுக்காரரோட நான் சண்டை போட முடியும்."

"என்னடி சொல்றே?"

"தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார். மூச்சு விட்டாலும் கேக்கும். கூரைக்குத் தகரம் போட்டப்ப வெக்கை தாங்கலைன்னு அழுதேன். இப்ப அதுதான் துணை. மழை அடிச்சா ஒண்ணும் கேக்காது."

"அவருக்கும் கேக்காதே."

"காதுகிட்ட வாயை வச்சுத்தான் திட்டணும்."

மூத்தவள் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

"பெரிய மகளைப் படிச்சது போதும்னு நிறுத்தப் போறாரு. எல்லாம் அவரு அம்மா பேச்சு. நாளைக்கு ஸ்கூல்ல சொல்லிடுவாராம். வானம் இருட்டுதே தவிர பெய்ய மாட்டேங்குது."

பஸ் கூரையில் சடசடவென்று துளிகள் விழுந்தன. எல்லாரும் ஜன்னலை மூடினார்கள். அவள் கூடையை மூத்தவள் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நனைஞ்சிடுவே. மழை விடட்டும் லா."

"விட்டுடுச்சுன்னா எப்படிக்கா பேசுறது?"

இறங்கி ஓடினாள்.