கித்தேரி எண்ணிய குழம்புகள்

நம்ம பூட்டனுக்கும் முந்தி, சங்குமுனைன்னு ஒரு கடற்கரை ஊரு. மொத்தம் இருபத்துநாலு வீடு. அதிலே ஒரு வீட்டுக்காரி கித்தேரியம்மாள்.

மாதா கோயில் உபதேசியார் டவுனுக்குக் கிளம்பும்போது சொன்னாராம்: "இன்னைக்கு டிசம்பர் ஒண்ணு. இருபத்தஞ்சு காலையிலே சாமியார் தோணி இந்த வழியா வரும். கரையிலே ஆள் நின்னாத்தான் இறங்குவார். விட்டா அடுத்த வருஷம்தான்."

கித்தேரிக்கு மூணு மாசப் பிள்ளை, நோஞ்சான். ஞானஸ்நானம் வாங்காம இன்னொரு வருஷமா? உள்கதவிலே அரிசி மாவாலே இருபத்துநாலு புள்ளி வச்சா. நாளுக்கு ஒண்ணை அழிக்கிறது மூத்த மகள் வேலை. அவளுக்கு எண்ணத் தெரியாது.

மறுநாளே பிடிச்சுது மழை. விடாத மழை. கடலுக்குப் போக்கில்லை, ஞாயிறும் திங்களும் ஒண்ணாப் போச்சு. நனையுதேன்னு ஆட்டை உள்ளே கட்டினாங்க. அது மிச்சப் புள்ளியை எல்லாம் நக்கித் தின்னுட்டுது!

"இன்னும் எட்டு நாள் கிடக்குடி"ன்னார் பெரியவர் தொம்மை.

"எப்படித் தெரியும் மாமா?"

"எனக்குத் தெரியாதா?"

கித்தேரி முறத்தைத் தலைக்குப் பிடிச்சுக்கிட்டு வீடு வீடாப் போனா. தேதியைக் கேட்கலை. என்ன கேட்டா தெரியுமா?

"மைனி, உபதேசியார் போன அன்னைக்கு என்ன குழம்பு?"

"சுறாப்புட்டுல்லா! அவரும் தின்னுட்டுத்தானே போனாரு."

"மறுநாள்?"

"கருவாடு. புளி இல்லாம உங்க வீட்டிலே வாங்கலையா?"

"ஆமா, அன்னைக்கு நான் கொள்ளுரசம் வச்சேன்!"

இப்படிப் புளி வாங்கினவ, மிளகாய் கொடுத்தவ, தீக்கங்கு கேட்டு வந்தவன்னு ஒருத்தி ஞாபகம் இன்னொருத்தி ஞாபகத்தை இழுத்துச்சாம். ஆம்பிளைகள் சிரிச்சாங்க: "குழம்பை எண்ணிக் கிறிஸ்மஸ் கண்டுபிடிக்கா!" அவ எண்ணி முடிச்சா. நேத்து வரைக்கும் பத்தொன்பது குழம்பு ஆகியிருந்துச்சு. அப்போ இன்னும் அஞ்சே நாள்.

அஞ்சாம் நாள் விடிஞ்சது. தொம்மை மாமா இழுத்துப் போர்த்திக்கிட்டுக் கிடந்தார். கித்தேரி மட்டும் பிள்ளையை முந்தானைக்குள்ளே பொதிஞ்சு கரையிலே நின்னா. கடலைப் பார்த்தா, மழைதான். பிள்ளையைப் பார்த்தா. 'ஒரு குழம்பு கூடிப்போச்சோ, குறைஞ்சுபோச்சோ'ன்னு வாய்க்குள்ளேயே மறுபடி எண்ணினா.

அப்போ மழைக்குள்ளே ஒரு பாய் தெரிஞ்சுதாம்! அவ போட்ட கூப்பாட்டிலே ஊரே எழுந்து ஓடிவந்துச்சு. தொம்மை மாமா சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்தார்னு சொல்வாங்க. பிள்ளைக்குத் தலையிலே தண்ணி விழுந்துச்சு; அது அழுத அழுகையிலே கோயிலே அதிர்ந்துச்சாம்.

"கணக்கு ஒரு வீட்டிலே இருந்தா ஒரு ஆடு போதும்"னு அடுத்த வருஷம் வீட்டுக்கு ஒரு நாளாப் பிரிச்சா கித்தேரி. அன்னையிலிருந்து டிசம்பர் பிறந்தா நாளுக்கு ஒரு வீட்டுக் கதவு திறக்கும். வருஷா வருஷம் மாறாத அந்த வீட்டுக் குழம்பு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம். டவுனிலே கிறிஸ்மசுக்கு நாள் எண்ண அட்டையிலே குட்டிக் குட்டிக் கதவு வச்சு, உள்ளே மிட்டாய் போட்டு விக்காங்களாம். சங்குமுனையிலே எல்லாம் நிஜக் கதவு, உள்ளே நிஜக் குழம்பு.

இப்பவும் டிசம்பர் வந்தா சங்குமுனைப் பள்ளிக்கூடத்திலே பிள்ளைகள் தேதி கேட்கிறதில்லை. "டீச்சர், பரீட்சை கருவாட்டன்னைக்கா, கொள்ளுரசத்தன்னைக்கா?"ன்னுதான் கேக்குதுகள்.