மூன்றாவது ஊத்தா

கரையில் யார் யார் இருந்தார்கள் என்றுதானே முதலில் கேட்டீர்கள். பூசாரி சுந்தரபாண்டி, என்கூடப் படித்த அழகுராஜா, என் மனைவி கனகலட்சுமி, செத்துப்போன என் அண்ணனின் மனைவி சந்தனம்மாள் மதினி, அவர் மகன் மாரிச்செல்வம், அப்புறம் பூமிநாதனாகிய நான். எங்களுக்குப் பின்னால் ஊர் மொத்தமும். எம்.ரெட்டியபட்டியிலிருந்துகூட ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். கண்மாயில் மீன்பிடி என்றால் எங்கள் பக்கம் அப்படித்தான் கூடுவார்கள். கரையில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பசிக்க ஆரம்பித்துவிடும்.

நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் இல்லை என்பதால் சொல்கிறேன். மழைக்கு நிறைகிற கண்மாய் கோடையில் முழங்கால் தண்ணீருக்கு வற்றும்போது ஊர்கூடி மீன் பிடிப்போம். ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசியவர் முதலில் தனியாக இறங்கி மூன்று முறை ஊத்தா குத்த வேண்டும். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூடை. சகதியில் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனைத் துழாவுவது. மூன்றாவது ஊத்தா குத்தும்வரை வேறு யார் காலும் தண்ணீரில் படக்கூடாது. பட்டால் அடுத்த வருஷம் மழை பொய்க்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊருக்கு இருந்தது. அது போதுமாக இருந்தது.

துண்டு வீசுகிற உரிமை எங்கள் குடும்பத்தில் மூத்தவர் வழிக்கு. அண்ணன் இறந்தபோது செல்வம் சின்னப் பையன். அதனால் நான் வீசினேன். மற்ற நாளெல்லாம் நான் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டீக்கடையில் என் கிளாஸ் கடைசியில்தான் வரும். அந்த ஒரு காலையில் மட்டும் ஊர் என் கையைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கும். நான் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதிப்பேன்.

செல்வம் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தான். மரியாதையான பையன்தான். அவன் எதையும் கேட்கவில்லை. கோயில் கூட்டத்தில் மதினிதான் எழுந்து, "இத்தன வருசம் தம்பி பாத்துக்கிட்டாக. இனி எம்மகன் வீசட்டும்" என்றார். சரிதான் என்று சுந்தரபாண்டி என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழகுராஜா என் விலாவில் இடித்து, "ஏலே பூமி, இனி நீ பொம்பளைகளோட கொசுவலையில பொடிமீனு அரிக்க வேண்டியதுதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மடைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. ஜேசிபி வைத்து வண்டல் அள்ளியது. இரண்டு ஆள் ஆழம் இருக்கும். அதில் சகதி கூழாக நிரம்பிக் கிடப்பதால் மேலே பார்த்தால் மற்ற இடம் மாதிரியே முழங்கால் தண்ணீர்தான் தெரியும். மடையிலிருந்து பார்க்க, பள்ளத்தின் வலது ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய கருவேலங்கம்பு ஒன்றை நட்டிருப்போம். துண்டு வீசியவர் மடையிலிருந்து இறங்கி, கம்பு தன் இடது கைப்பக்கம் இருக்கும்படி நடந்தால் பள்ளம் ஒதுங்கிவிடும். செல்வத்துக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

மீன்பிடி அன்று விடிந்ததும் தண்ணீர் பார்க்கப் போனேன். கம்பைப் பிடுங்கிப் பள்ளத்தின் இடது ஓரத்தில் ஊன்றினேன். லேசாகத்தான் இருந்தது.

இறங்கும்முன் அவனுக்குச் சந்தேகம் வந்தது. "சித்தப்பா, கம்பு இன்னும் இங்குட்டுல்ல இருக்கும்?" என்றான்.

"தண்ணி வத்துறதுக்குத் தக்கன நகட்டி வைப்போம்லே. நீ எங்க இதயெல்லாம் பாத்த" என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டான்.

துண்டை வீசினான். என்னைவிட நன்றாகவே வீசினான். முதல் ஊத்தாவில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கைநீளத்துக்கு ஒரு விரால். தூக்கிக் காட்டிவிட்டுக் கரைக்கு எறிந்தான். விசில் பறந்தது. அப்புறம் ஓர் எட்டு வைத்தான். இடுப்புவரை இறங்கியது. அவன் சிரித்தபடியேதான், "சித்தப்பா, காலு இறங்குது" என்றான். மறுபடி கூப்பிட்டபோது சிரிப்பு இல்லை.

அழகுராஜா வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கப் போனான். நான் குறுக்கே கை நீட்டினேன். "இன்னும் மூணாவது குத்தலலே. கால வைக்காத." அவன் நின்றான். அவனைப் பார்த்து எல்லோரும் நின்றார்கள். பின்னால் நின்றவர்கள் பையன் பெரிய மீனை அமுக்குகிறான் என்று நினைத்து இன்னும் விசிலடித்தார்கள். நான் யாரையும் தள்ளவில்லை. யாரையும் கட்டிப் போடவில்லை. ஒரு கையை நீட்டினேன், அவ்வளவுதான். மதினி மட்டும் ஓடிவந்தார். அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. என் மணிக்கட்டைக் கடித்தார். தழும்பு இதோ இருக்கிறது.

தண்ணீருக்கு மேல் ஊத்தா மட்டும் தெரிந்தபோது சுந்தரபாண்டி கயிற்றோடு குதித்தார். இழுத்தவர்களில் முன்னால் நின்றவன் நான். செல்வத்தின் வாய், மூக்கு எல்லாம் சகதி.

கருமாதி முடிந்ததும் ஊர்க்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். மூன்றாவது ஊத்தா பாக்கி கிடக்கிறதே, மழைக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். தயக்கத்தோடுதான் கேட்டார்கள். நானும் தயங்குவதுபோல் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டேன். சுந்தரபாண்டியே துண்டை என் தோளில் போட்டார். குத்தினேன். நல்ல விரால் ஒன்று அகப்பட்டது. அன்று எங்கள் வீட்டில் குழம்பு.

அன்று சாயங்காலம் மதினி வந்தார். அந்தக் கரையில் தினமும் ஆடு மேய்க்கிறவர் அவர். அழவில்லை. வாசலில் நின்றபடியே, "கம்ப யாரு மாத்துனது, தம்பி?" என்றார். "விடியவும் திருச்சுழி போயி ஸ்டேசன்ல சொல்லப்போறேன். ஒங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன்" என்றார்.

தோட்டத்தில் பருத்தி போட்டுவைக்கிற அறையை உடைத்துத் திறந்தவர் நீங்கள். உள்ளே இருந்ததைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மதினி குமாரலிங்கபுரத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார் என்று கனகலட்சுமியிடம் சொன்னதும், அவருடைய ஆடுகளுக்குத் தினமும் தண்ணீர் காட்டியதும் நான்தான். வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட என்னால் முடியாது. மதினி எப்படி உள்ளே போனார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

யாரும் அவரை இழுத்துப் போகவில்லை. "செல்வம் அன்னைக்கு கழட்டிப் போட்ட சட்டை தோட்டத்து ரூம்ல கிடக்கு மதினி. எடுத்துட்டுப் போங்க" என்றேன். அது பொய்யும் இல்லை. ஆணியில்தான் தொங்கியது. கரையிலிருந்து நான்தான் எடுத்து வந்து மாட்டியிருந்தேன். மதினி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். உள்ளே போய்ச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, கதவுக்கு முதுகு காட்டி நின்றார். நான் ஒரு செம்பு தண்ணீரை வாசற்படிக்கு உள்பக்கம் வைத்தேன். வெயில் காலம், தாகம் எடுக்கும். அவர் திரும்பவில்லை. அழட்டும், அழுதால் மனசு ஆறும் என்று நினைத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். பூட்டைப் போட்டு, விழுந்துவிட்டதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.