அறுபதில் நிற்கும் குமிழ்

நான், கப்பல்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேகப்படகை ஓட்டிவந்த, கடந்த வெள்ளிக்கிழமை காலை இறந்துபோன படகோட்டியின் மனைவி. வயது நாற்பத்தொன்று. துறைமுகத்துக்குப் பின்புறம் ஐஸ் ஃபேக்டரி தெருவில் மாடி வீட்டில் குடியிருந்து, துணி தைக்கிறேன். படகில் இருக்கை பொருத்திய மெக்கானிக், எல்லோரும் ‘ஸ்பேனர்’ என்று கூப்பிடுபவர், அந்த இருக்கையின் எடைக் குமிழைத் தவறாக வைத்ததால்தான் சாவு நேர்ந்தது என்று என் கணவரின் அண்ணன் புகார் கொடுத்து, ஸ்பேனரைப் பிடித்து வைத்திருப்பதாக அறிந்து, நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

என் கணவருக்கு இரண்டு வருடமாக முதுகெலும்புத் தேய்மானம். படகு அலையில் ஏறி விழும் ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வரும் என்பார். செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாது, நான்தான் மாட்டிவிடுவேன். படகை விட்டுவிடுங்கள் என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதன் பிறகு, அதிர்ச்சி தாங்கும் இருக்கை வாங்குவதென்று முடிவுசெய்து, ஸ்பேனரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம்.

கடையில் என் கணவர் சோபா மாதிரி இருந்த ஒன்றில் போய் உட்கார்ந்து, இதுவே போதும் என்றார். நான் மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தினேன், அடிப்பலகை தட்டியது. தையல்காரியிடமே ஸ்பாஞ்சு வித்தை காட்டுகிறார்கள். வேண்டாம் என்றேன். அதன் பிறகு ஸ்பேனர், அடியில் ஷாக் அப்சார்பர் வைத்த இருக்கையைக் காட்டினார். அதில் ஒரு குமிழ் உண்டு, உட்காருகிறவரின் எடைக்கு அதைத் திருப்பி வைக்க வேண்டும், குறைத்து வைத்தால் பெரிய அலையில் இருக்கை அடிவரை இறங்கி ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்று எங்கள் இருவரிடமும் தெளிவாகச் சொன்னார். எடை கேட்டதற்கு என் கணவர் எண்பது என்றார். “ஏங்க, அது நம்ம கல்யாணத்தப்போ!” என்று சொல்லி எடை மிஷினில் ஏற்றினேன். தொண்ணூறு. கடைக்காரர் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். இருக்கையைப் பொருத்திய அன்று ஸ்பேனர் குமிழைத் தொண்ணூறில் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதன் பிறகு வலி படிப்படியாகக் குறைந்தது. ஒருநாள் படகிலிருந்து வந்தவர், வாசலில் தானே குனிந்து செருப்பைக் கழற்றினார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

கடந்த வியாழக்கிழமை மாலை என்னைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனார். “நீ பார்த்து வாங்கின சீட்டு. நீயும் ஒரு தடவ உக்காந்து பாரு” என்றார். உட்கார்ந்தேன். உடனே கீழே குந்தி, குமிழில் கை வைத்துக்கொண்டு, “இப்ப உன் எடையச் சொல்லு பார்ப்போம்” என்றார். ஐம்பது என்றேன். “அடி போடி, உன்னத் தூக்கிப் பார்த்தவன்டி நானு” என்று சொல்லி அறுபதில் வைத்தார். அவர் குந்தி உட்கார்ந்து நான் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படகைக் கரையோரமாக ஒரு சுற்று ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அதன் பிறகு கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம். குமிழைப் பழையபடி திருப்ப வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, பாவி எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை, கப்பலில் ஒருவருக்கு நெஞ்சுவலி, டாக்டரை உடனே ஏற்றிப்போக வேண்டும் என்று போன் வந்தது. டீயைக்கூடக் குடிக்கவில்லை. செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு ஓடினார். துறைமுக வாயைத் தாண்டியதும் ஒரு பெரிய அலையில் இருக்கை அடியோடு இறங்கி அவரைத் தூக்கி வெளியே வீசியதாக, படகில் இருந்த அந்த டாக்டர் என்னிடம் சொன்னார். தண்ணீரிலிருந்து எடுத்தபோது உயிர் இல்லை.

குமிழ் அறுபதில் இருந்ததாக இங்கே சொன்னார்கள். அது என் எடை. ஸ்பேனருக்கு அது தெரியவே தெரியாது. அவர்மீது எந்தத் தவறும் இல்லை, அவரை விட்டுவிடுங்கள். “அண்ணி, நான் சரியாத்தான வச்சேன்?” என்று சற்று முன் கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டார். சரியாகத்தான் வைத்தார்.

விசாரணை முடிந்து இருக்கையை என்னிடம் ஒப்படைக்கும்போது குமிழை யாரும் திருப்ப வேண்டாம். அவர் எனக்காக வைத்தது, அப்படியே இருக்கட்டும்.

எழுத்தர் முழுவதையும் படித்துக் காட்டினார். நான் சொன்னதில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. நடந்தது இதுதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)