கூண்டுக்குள் மழை

– மாரி, உள்ள இருக்கியா, தூங்கிட்டியா? டார்ச்சு வெளிச்சத்தையே காணமே!

– பிக்கப்பு மேல கூண்ட மாட்டி, பொண்டாட்டிய உள்ள விட்டுப் பூட்டி, வெளிய நின்னு டியூப்புல தண்ணி அடிக்கிற மனுசன் கேக்குற கேள்வியப் பாரு!

– தேவா பொண்டாட்டியக் குளிப்பாட்டுறான்னு மானகிரி ஊரே பேசட்டும். ஒழுகுதா, அதச் சொல்லு.

– ஒழுகுது.

– எங்குட்டு?

– இங்குட்டு. கேபின் பக்கத்து மூலையில.

– அடி ஆத்தி! மூலையில ஒட்டே கெடையாதே. ரப்பர் பீடிங்க ஒரே துண்டா வளைச்சுக் கொண்டாந்து, பின்னால நடுவுலல்ல ஒட்டியிருக்கேன்.

– ஒங்க கெட்டிக்காரத்தனம் ரப்பருக்குத் தெரியுமா? பேசாம சுத்தியும் சிலிக்கான் பூசிவிட்டுருங்க.

– பூசிட்டு, வைக்கோல் லோடு வந்தா கூண்ட எப்பிடிக் கழட்டுறது? உங்க அண்ணன் வந்து பல்லால கடிச்சு எடுப்பாரா?

– எங்க அண்ணன இழுக்கலைன்னா ஒங்களுக்குச் சோறு எறங்காது. மொத ஒட்டுனீகளே, அந்த ஸ்பாஞ்சு டேப்பு என்னாச்சு?

– கூண்ட ரெண்டு தடவ தூக்கி வச்சதுமே பிஞ்சுபோச்சு. அடுத்து போட்ட பட்டை ரப்பரு வெயிலுக்கு வெடிச்சிருச்சு. இது அப்பிடியில்ல புள்ள. உள்ள பொள்ளலா, குழாயாட்டம் இருக்கும். கூண்டு அமுக்குனா அமுங்கும், தூக்குனா பழையபடி எந்திரிச்சிரும்.

– என்னைய மாதிரி.

– நீ என்னைக்குடி அமுங்குன? கல்யாணம் ஆன நாளா எந்திரிச்சேதான் நிக்கிற.

– க்கும்.

– தேனம்மை ஆச்சி வீட்டு முறுக்கும் சீப்புச்சீடையும் இதுலதான் கொச்சிக்குப் போகணும். அட்டைப்பெட்டி நனைஞ்சா அம்புட்டும் நமுத்துப்போகும். வண்டி வருமா வராதான்னு சாயங்காலம் பதில் கேப்பாக.

– ஒழுகுற வண்டிய வச்சுக்கிட்டு என்ன பதிலு? முடியாதுன்னு சொல்லிருங்க. போன மழைக்குக் குமுளி மலையில மண்ணு சரிஞ்சு, ராத்திரி பூரா போன எடுக்காமக் கெடந்தீகளே, அன்னைக்கு நான் பட்டது போதும்.

– சிக்னல் இல்லைன்னு ஆயிரந்தடவ சொல்லிட்டேன். அதுக்கும் ரப்பருக்கும் என்ன சம்பந்தம்?

– ஒரு சம்பந்தமும் இல்ல. இந்தா, இப்ப பின்பக்கமும் ஒழுக ஆரம்பிச்சிருச்சு.

– பின்பக்கமுமா?

– ஆமா. எஞ்சீலையெல்லாம் நனையுது.

– மாரி, மேல சத்தம் ஏதும் கேக்குதா ஒனக்கு? தண்ணி மோட்டார நிறுத்தி எம்புட்டு நேரமாச்சு!

– அது வந்து…

– ஏ புள்ள! கதவத் தெறக்கவா?

– தெறக்காதீக.

– ஏன்?

– ஒங்க மூஞ்சியப் பாத்தா சொல்ல வராது. ஒழுகலைங்க. ஒரு சொட்டு எறங்கல. ஒழுகுதுன்னு சொன்னா போகமாட்டீகன்னு நெனச்சேன். எனக்குப் பயமா இருக்கு.

– அட கிறுக்கி. இத வெளிய நின்னு சொல்லக்கூடாதா?

– சொன்னா சிரிச்சே மழுப்பிருவீக.

– இப்ப சிரிக்கல. வேற வண்டியப் பாக்கச் சொல்லி ஆச்சிக்குப் போனப் போட்டுர்றேன். நீ வெளிய வா.

– வேணாம், வாரோம்னே சொல்லுங்க. மலையில சிக்னல் இல்லாட்டி என்ன, முன் சீட்டுல நான் இருப்பேன்ல.