கடைசி மூட்டு

என் பட்டறையில் இருக்கும் எதையும் இடம் மாற்றி வைக்க வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிவையுங்கள், ஐயா. பெஞ்சின் இடது ஓரத்துத் தட்டில் நாற்பத்தெட்டுத் திருகாணிகள் இருக்கின்றன. கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை, அவ்வளவுதான். எல்லாம் நானே கடைசல் இயந்திரத்தில் கடைந்தவை. நேற்று உங்கள் ஆள் ஒருவர் அந்தத் தட்டின் மேல் தன் தொப்பியைக் கழற்றி வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் காகிதத்தில் பொம்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அது நீராவி எஞ்சின். அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கரி போட்டால் எரியும், தண்ணீர் கொதிக்கும், சக்கரம் சுற்றும், பின்னால் வண்டி கோத்து என்னைப் போல ஒருவர் உட்கார்ந்தால் இழுத்துக்கொண்டு போகும். ஒன்பது வருஷ வேலை.

என் மச்சினனும் பொம்மை என்றுதான் சொல்வான். ஞாயிறு தவறாமல் தன் அக்காவை, என் மனைவியை, பார்க்க வருவான். பட்டறைக் கதவில் சாய்ந்துகொண்டு, அவளுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பிப்பான்.

"என்ன மாமா, இந்த வருஷமாவது ரயில் பிளாட்பாரத்துக்கு வருமா? இல்ல நாங்க பஸ்லயே போயிடட்டுமா?"

"கொதிகலன் முடியணும்டா."

"முடிஞ்சா சொல்லுங்க. குளிக்க ஒரு சொம்பு வெந்நீர் பிடிச்சுக்கறேன்."

அடுப்படியைத் தாண்டிப் படுக்கையறையிலிருந்து அவள் சிரிப்பாள். சிரிப்பு முடிவதற்குள் இருமல் தொடங்கும். சிரிக்க வைப்பவன் அவன். முதுகைத் தடவி, எச்சில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். அவன் சாயங்காலம் கைகழுவிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

நான் கோபக்காரன் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஊரார் உடைத்ததையெல்லாம் ஒக்கிட்டுக் கொடுத்தேன். எனக்கென்று ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது இந்த ஒரு முறைதான்.

அவளும் ஆரம்பத்தில் கூடவே இருந்தாள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தை மடியில் விரித்துவைத்து அளவுகளை அவள் வாசிப்பாள், நான் கடைவேன். "உருளை உள்விட்டம் நாப்பத்தஞ்சு. என்னங்க, நாப்பத்தஞ்சு. போன தடவை மாதிரி நாப்பத்தாறு ஆக்கிட்டு என் மேல பழி போடாதீங்க." மூன்று வருஷம் அப்படிப் போனது. எந்த ஆணி எந்தத் துளைக்கு என்று அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

நூல் ஆலை வேலையில் அவள் இருபத்தாறு வருஷம் விழுங்கிய பஞ்சு அதற்குப் பிறகுதான் தன் வேலையைக் காட்டியது. முதலில் மாடிப்படி போயிற்று. அப்புறம் சமையல். ஒரு அளவை வாசிக்க மூன்று மூச்சு வேண்டியிருந்தது. நாற்பது என்பாள், நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன், அப்புறம் ஐந்து என்பாள். ஒரு நாள், "போதும், நீ படுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டேன். வரைபடத்தை மடித்துக் கொடுத்தாள். அதற்கு அழ வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. கட்டிலருகே ஒரு மணியும் வந்தது. அவள் அழுத்தினால் பட்டறையில் ஒலிக்கும். நான்தான் பொருத்தினேன், என் கெட்ட நேரம். தலையணையை உயர்த்த மணி. ஜன்னலைச் சாத்த மணி. சாத்திய ஜன்னலைத் திறக்க மணி. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பார்த்துக் கடைந்துகொண்டிருக்கும்போது காதருகே மணி அடித்தால் கை என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நான்கு வருஷம், ஐயா. ஒரு தடவைகூட நான் எழுந்து போகாமல் இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

கொதிகலன் செம்பால் ஆனது. தகடுகளை வெள்ளி கலந்த பற்றுக்கம்பியால் ஒட்ட வேண்டும். கடைசி மூட்டு, பின்தகட்டைச் சுற்றி வருவது. அதில்தான் எல்லோரும் தோற்பார்கள். அதற்குள் கொதிகலன் முழு எடைக்கு வந்திருக்கும், எவ்வளவு சூடு கொடுத்தாலும் குடித்துவிடும். மொத்தமும் மங்கிய சிவப்புக்கு வந்தால்தான் கம்பி உருகி இடுக்கில் ஓடும். பாதியில் ஆறினால் பூசிய வெண்காரம் கண்ணாடியாக இறுகிவிடும். மறுபடி சூடேற்றினால் பழைய மூட்டுகளும் இளகும். அப்புறம் அது கொதிகலன் இல்லை, பழைய செம்பு.

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தேன். சுடர் வீசும் தீக்குழாய்க்கு எரிவாயுவும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். என் ஆக்சிஜன் சிலிண்டரில் கால் பங்கு இருந்தது. போதும் என்று நினைத்தேன். பத்து இருபத்தைந்துக்கு மூட்டில் பாதி ஓடியிருந்தது. அவ்வளவு அழகாக ஓடியதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். வெள்ளி, தண்ணீர் மாதிரி ஓடும். அப்போது சுடர் சுருங்கியது. முள் பூஜ்யத்தில் நின்றது.

வீட்டில் இன்னொரு சிலிண்டர் இருந்தது.

அதற்குள் இருப்பதும் அதே காற்றுதான், ஐயா. குளியலறைக்குப் போகும்போது அவள் குழாயைக் கழற்றிவிட்டுத்தான் போவாள், ஐந்து நிமிஷத்தில் உதடு நீலமாகித் திரும்பி வருவாள். எனக்கு வேண்டியது இருபது நிமிஷம். புதுச் சிலிண்டர் கொண்டுவருபவர் பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்தது.

மருத்துவச் சிலிண்டரின் வாய் என் கருவியோடு பொருந்தாதே என்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. பொருந்தாது. நடுவில் ஒரு பித்தளை இணைப்பு வேண்டும், அதைக் கடைய இரண்டு நாள் ஆகும். அதை நான் மூன்று வாரத்துக்கு முன்பே செய்து வைத்திருந்தேன். ஒரு வேலையில் இறங்குமுன் எதெல்லாம் காலை வாரும் என்று யோசிப்பவன்தான் வேலைக்காரன். அவள் சிலிண்டரின் வாயை அளவு எடுக்கும்போது அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். "என்னங்க, இதுக்கும் ரயில் சக்கரம் மாட்டப் போறீங்களா?" என்று கேட்டாள். நான் சும்மா என்றேன்.

சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு போய் மாட்டினேன். சுடர் நீலமாக எழும்பியது. செம்பு இன்னும் கறுக்கவில்லை. மீதி மூட்டு பதினெட்டு நிமிஷத்தில் ஓடி முடிந்தது.

மணி அடித்தது. சுடரின் இரைச்சலில் காதில் விழவில்லை என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். விழுந்தது. ஆறு தடவை அடித்தது. ஏழாவது தடவை பாதியில் நின்றுவிட்டது.

பத்தே முக்காலுக்குச் சுடரை அணைத்தேன். அவள் சிலிண்டரில் இன்னும் பாதி இருந்தது, முள்ளை நானே பார்த்தேன். தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். இருபதடி தூரம். ஆனால் நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்து மூட்டை ஆரம்பம் முதல் கடைசிவரை பார்த்தேன். ஒரு ஊசிமுனை இடைவெளி இல்லை. செம்பு தானாக ஆறியதும் அமிலத் தொட்டியில் இறக்கிக் கழுவினேன். துடைத்தேன். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, அந்தப் பட்டறையில் ஒரு மணி நேரம் முழுசாக என்னை யாரும் கூப்பிடவில்லை. பன்னிரண்டு மணிக்குப் புதுச் சிலிண்டரோடு வந்தவர் படுக்கையறையிலிருந்து போட்ட சத்தத்தில்தான் நிமிர்ந்தேன்.

முதல் நாள் நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு திருத்தம் இருக்கிறது. சிலிண்டரை எடுக்க நான் உள்ளே போனபோது அவள், "ஒட்டிடுச்சா?" என்று கேட்டதாகவும், பாதி என்று நான் சொன்னதும், "எடுத்துட்டுப் போங்க, ஆறிடப் போகுது" என்று அவளே அனுப்பியதாகவும் எழுதியிருந்தேன். ஒட்டிடுச்சா என்று கேட்டது உண்மை. மீதியை அவள் சொல்லவில்லை. என் கையில் ஸ்பேனரைப் பார்த்ததும் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் மணிக்கட்டில் நீங்கள் படம் எடுத்த கீறல்கள் தகட்டின் விளிம்பில் பட்டவை இல்லை.

அவளுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அத்தனை விரலையும் பிரித்தேன். நான்தான் பிரித்தேன். அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஐயா. செம்பு பாதியில் ஆறினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் என்னைத் தவிரத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்தும் விடமாட்டேன் என்றாளே.