கழுவிய மணல்

வண்டிப்பெரியாரிலிருந்து பீர்மேடு போகும் பேருந்தில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள்.

“நீங்க சுத்தமாக் கழுவுனதாலதான் மதினி தண்ணி கெட்டுப்போச்சு,” என்றாள் இளையவள்.

சுத்தத்தின்மேல் இப்படியொரு பழி விழுந்து நான் கேட்டதில்லை.

“வடிகட்டுற பானையில மணலு செவசெவன்னு கெடந்துச்சு. நாளைக்குப் பொண்ணு பாக்க வாராகளேன்னு தேய்ச்சுக் கழுவிப் போட்டேன். இன்னைக்கு டீ மை மாதிரி கறுத்துப்போச்சு,” என்றாள் மதினி.

“நம்ம லயத்து வரிசவீட்டுக் கெணத்துல இரும்பு சாஸ்தி, டீத்தூளு பட்டாக் கறுத்துரும். அந்தச் செவப்புத்தான் இரும்பப் புடிச்சு வைக்கும். கழுவுன மணலு மறுபடி செவக்க நாளாகும்.”

“நாளைக்கு என்ன செய்ய?”

“எங்க பானையத் தூக்கிட்டு வாரேன். அதக் கழுவி மூணு வருசமாச்சு. மாப்ள வீட்டுக்காரக கண்ணுல மட்டும் காட்டிராதீக.”